புல்லி செட்டை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள்

உங்கள் கேள்வியைச் சுருக்கிக்கொள்கிறேன். 20 ஆண்டுப் பழைய ஸ்போர்ட்ஸ் கார். 2 லிட்டர், நான்கு சிலிண்டர், டர்போ இல்லை, பின்சக்கர இயக்கம். வார நாட்களில் வேலைக்குப் போக அதுதான் வண்டி. விடுமுறையில் மலைப்பாதை, எப்போதாவது ஒரு டிராக் நாள். நெரிசலில் ஏசி போட்டு நின்றால் வெப்ப முள் ஏறுகிறது. ஒர்க்‌ஷாப்பில் மூன்று பொருள்களை ஒன்றாகப் போடச் சொல்கிறார்கள்: தடித்த அலுமினிய ரேடியேட்டர், 71 டிகிரியில் திறக்கும் தெர்மோஸ்டாட் (சூடேறியதும் ரேடியேட்டருக்கு வழிவிடும் வால்வு), வழக்கமானதைவிட 25% சிறிய, எடை குறைந்த கிராங்க் புல்லி (என்ஜினின் சுழல்தண்டு முனையிலிருந்து பெல்ட்டை ஓட்டும் சக்கரம்). எதைப் போடலாம், எதை விடலாம்?

ரேடியேட்டர் தேவைப்படலாம், ஆனால் முதல் வேலை அதுவல்ல. தெர்மோஸ்டாட் வேண்டாம். புல்லி உங்கள் வண்டிக்கு வேண்டவே வேண்டாம். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்தால் ஏதோ ஒரு நியாயம் தென்படும். சேர்த்துப் போட்டால், கார் நெரிசலில் நிற்கும் நேரத்தில், குளிர்விக்கும் அமைப்பின் வயிற்றில் அந்தப் புல்லி அடிக்கிறது. உங்களுக்குத் தொல்லை வருவதும் அதே நேரத்தில்தான்.

முள் எப்போது ஏறுகிறது என்பதைக் கவனித்தாலே பாதி நோய் தெரிந்துவிடும். நின்றால் ஏறி, ஓட ஆரம்பித்ததும் இறங்கினால் காற்றோட்டத்தில் குறை. நெடுஞ்சாலை வேகத்தில் ஏறி, வேகத்தைக் குறைத்ததும் இறங்கினால் ரேடியேட்டர் அடைத்திருக்கலாம், கீழ் ஹோஸ் உறிஞ்சப்பட்டு ஒடுங்கலாம், பம்ப்பின் இறக்கைகள் அரித்துப் போயிருக்கலாம். இரண்டு நிலையிலும் ஏறி, வெளியே கசிவே தெரியாமல் கூலன்டும் (குளிர்விக்கும் திரவம்) குறைந்துகொண்டு வந்தால் ஹெட் கேஸ்கெட்டை, அதாவது சிலிண்டர் தலைக்கு அடியில் உள்ள அடைப்பைச் சந்தேகிக்க வேண்டும். கூலன்டில் சிலிண்டரில் எரிந்த வாயு கலந்திருக்கிறதா என்று நிறம் மாறும் திரவத்தை வைத்துப் பார்க்கும் எளிய சோதனை இருக்கிறது. புதிய பாகம் எதையும் வாங்குவதற்கு முன் அதைச் செய்துவிடுங்கள். உங்கள் வண்டி முதல் வகை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆகவே காற்றிலிருந்து தொடங்குவோம்.

ஐடிலில், அதாவது வண்டி நிற்க என்ஜின் மட்டும் ஓடும் நிலையில், 2 லிட்டர் என்ஜின் மணிக்கு ஏறத்தாழ 0.8 லிட்டர் பெட்ரோல் குடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் உள்ள மொத்த ஆற்றலே 7 கிலோவாட்தான். அதில் கூலன்டுக்குப் போவது 3, 4 கிலோவாட். இதே கார் 100 கிலோமீட்டர் வேகத்தில் சீராக ஓடும்போது கூலன்டுக்குப் போகும் வெப்பம் 15 முதல் 20 கிலோவாட் இருக்கும். அந்த 15 கிலோவாட்டை வெளியே தள்ள முடிந்த ரேடியேட்டருக்கு 4 கிலோவாட் ஒரு பொருட்டே இல்லை. ஓடும்போது அது செய்யும் வேலையை நிற்கும்போது செய்ய முடியவில்லை என்றால், அதன் வழியாகக் காற்று போகவில்லை என்றுதான் பொருள். அதோடு ஏசி ஓடும்போது ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் ஏசி கண்டென்சர் தன் வெப்பத்தையும் ரேடியேட்டரின் முகத்தில்தான் ஊதுகிறது. தடித்த ரேடியேட்டரைப் போட்டால் விசிறி இழுக்க வேண்டிய தடையும் கூடும். பலவீனமான விசிறிக்குப் பின்னால் தடித்த ரேடியேட்டர் வைத்து, நெரிசலில் முன்பைவிட மோசமாகக் கொதிக்கும் வண்டிகள் உண்டு.

விசிறியை முதலில் சோதியுங்கள். கிழட்டு மோட்டார் சுற்றும், சத்தமும் போடும், ஆனால் காற்றை இழுக்காது. விசிறி ஓடும்போது அதன் இணைப்பு முனையிலேயே மின்னழுத்தத்தை அளந்து பாருங்கள், பேட்டரியில் 13.8 வோல்ட் இருந்து இங்கே 11.5 வோல்ட் வந்தால் ரிலேயோ கம்பியோ எர்த் இணைப்போ தின்றுகொண்டிருக்கிறது. 20 ஆண்டுப் பழைய வண்டியில் இதற்கு வாய்ப்பு மிக அதிகம். அடுத்தது விசிறிக் கூடு. ரேடியேட்டரின் முழு முகத்தையும் மூடி, காற்றை விசிறியின் வட்டத்துக்குள் கொண்டு சேர்க்கும் அந்த பிளாஸ்டிக் கூடு உடைந்திருந்தாலோ, பழுது பார்க்கும்போது யாரோ கழற்றி எறிந்திருந்தாலோ, விசிறி தனக்கு நேர் எதிரே உள்ள வட்டத்தை மட்டுமே குளிர்விக்கும். "பந்தய வகை" என்று விற்கும் கூடில்லாத மெல்லிய விசிறிகளைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை.

பிறகு கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் எட்டிப் பாருங்கள். இலை, பூச்சி, மண் எல்லாம் அங்கேதான் குடியிருக்கும். முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது. ரேடியேட்டரைச் சுற்றியுள்ள பஞ்சுப் பட்டைகளும் ரப்பர் தடுப்புகளும் போயிருந்தால் புதிதாக ஒட்டுங்கள். காற்று சோம்பேறி, சந்து கிடைத்தால் ரேடியேட்டரைச் சுற்றிக்கொண்டு போய்விடும், நிற்கும்போதோ பின்னால் போன சூடான காற்றே சந்து வழியாக முன்னால் திரும்பி வந்து மறுபடி உள்ளே போகும். அடித்தட்டைக் கழற்றிவிட்டால் நன்றாகக் குளிரும் என்று நினைப்பவர்கள் பலர். வேகத்தில் பெரும்பாலும் எதிர்மறைதான் நடக்கிறது: ரேடியேட்டருக்குப் பின்னால் அழுத்தம் கூடி, முன்னாலிருந்து காற்று நுழைவது குறைகிறது. தயாரிப்பாளர் அந்தத் தட்டை அழகுக்காக வைக்கவில்லை.

ரேடியேட்டர் மூடியும் ஹோஸ்களும் சின்னச் செலவு, பழையதாக இருந்தால் மாற்றிவிடுங்கள். மூடியின் வேலை வெறும் மூடுவது இல்லை. சாதாரண காற்றழுத்தத்தில் தண்ணீரும் கிளைக்காலும் (கூலன்டில் சேர்க்கும் உறைதடுப்புத் திரவம்) பாதிக்குப் பாதி கலந்த கலவை 107 டிகிரி அளவில் கொதிக்கும். மூடி 1 பார் கூடுதல் அழுத்தத்தைப் பிடித்துவைத்தால் அது 130-ஐ நெருங்கும். மூடியின் ஸ்பிரிங் தளர்ந்தால் அந்த 20 டிகிரிப் பாதுகாப்பும் போயிற்று. கலவையில் கிளைக்காலைக் கூட்டிக்கொண்டே போவதாலும் பயனில்லை. வெப்பத்தைச் சுமக்கும் திறனில் தண்ணீரை மிஞ்சிய திரவம் இங்கே கிடையாது. தண்ணீரின் தன்வெப்பம் 4.18 என்றால் பாதிக்குப் பாதி கலவைக்கு 3.5-ஐ ஒட்டி இருக்கும். அதற்காக வெறும் தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள், அலுமினியம் அரிக்கும். தயாரிப்பாளர் சொன்ன விகிதத்தில், வடிநீரோடு கலந்தாலே போதும்.

இனி தெர்மோஸ்டாட். 71 டிகிரி தெர்மோஸ்டாட் போட்டால் என்ஜின் குளிர்ச்சியாக ஓடும் என்று சொல்வதில் கால்வாசி உண்மை இருக்கிறது. தெர்மோஸ்டாட் நிர்ணயிப்பது என்ஜினின் குறைந்தபட்ச வெப்பத்தை. 82 டிகிரியில் திறக்கத் தொடங்குவது ஏறக்குறைய 95-இல் முழுவதும் திறந்துவிடும். உங்கள் முள் ஏறும்போது வெப்பம் 105-க்கு மேல் இருக்கும்; அப்போது 71-ஆக இருந்தாலும் 82-ஆக இருந்தாலும் இரண்டும் முழுக்கத் திறந்தே கிடக்கும். கொதிக்கும் நேரத்தைச் சில நிமிடங்கள் தள்ளிப்போடும், அவ்வளவே. பதிலுக்கு, சீராக ஓடும்போது என்ஜின் தேவைக்கு மேல் குளிர்ந்து கிடக்கும். சில கணினிகள் என்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று எண்ணிக்கொண்டு பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும்; எண்ணெயில் கலக்கும் ஈரமும் பெட்ரோலும் ஆவியாகாமல் தங்கும்; சிலிண்டர் தேய்மானம் கூடும். தயாரிப்பாளர் சொன்ன அளவில், நல்ல தரத்தில் புதியது ஒன்றைப் போடுங்கள்.

தெர்மோஸ்டாட்டைப் பற்றிப் பேசும்போது கூடவே வரும் ஒரு நம்பிக்கை உண்டு. "கூலன்ட் வேகமாக ஓடினால் ரேடியேட்டரில் குளிர நேரம் கிடைக்காது, ஓட்டத்தை மெதுவாக்க வேண்டும்" என்பார்கள். சிறிய புல்லிக்கு ஆதரவாகவும் இதைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கணக்குப் போட்டால் இது நிற்காது. என்ஜின் 40 கிலோவாட் வெப்பத்தைக் கூலன்டுக்குக் கொடுக்கிறது என்போம். நிமிடத்துக்கு 100 லிட்டர் ஓடினால் என்ஜினுக்குள் நுழையும் கூலன்டுக்கும் வெளிவரும் கூலன்டுக்கும் உள்ள வித்தியாசம் 6, 7 டிகிரி. 50 லிட்டராகக் குறைத்தால் 13 டிகிரி. ரேடியேட்டரிலிருந்து வெளிவரும் கூலன்ட் குளிர்ச்சியாகத் தெரியும், உண்மைதான். ஆனால் என்ஜினிலிருந்து வெளியே வருவது அந்த அளவுக்குச் சூடாக வரும். நமக்கு இருக்க வேண்டிய கவலை என்ஜின் பக்கத்தில்தான். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்த சில பழைய என்ஜின்கள் அதிகம் கொதித்ததைப் பார்த்து வந்த நம்பிக்கை இது. அங்கே நடந்தது வேறு: தடை போனதும் என்ஜினுக்குள் இருந்த கூலன்டின் அழுத்தம் குறைந்து, சிலிண்டர் தலையின் சூடான மூலைகளில் ஆவிக் குமிழிகள் உண்டாயின.

ரேடியேட்டர் எப்போது? உங்களுடையது வண்டியோடு வந்ததே என்றால், 20 ஆண்டு ஆன பிளாஸ்டிக் தொட்டி கொண்டது என்றால், கொதிக்கிறதோ இல்லையோ மாற்ற வேண்டிய வயது வந்துவிட்டது. முதல் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5 வைத்திருப்பவர்கள் மேல்தொட்டியின் நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். கறுப்பு போய்ப் பழுப்பேறினால் விரிசல் தொலைவில் இல்லை. மாற்றும்போது எல்லாவற்றிலும் தடித்ததைத் தேட வேண்டாம். மிதமான தடிமன், தயாரிப்பாளரின் விசிறிக் கூடு அப்படியே பொருந்தும் தாங்கிகள், நல்ல பற்றவைப்பு: இந்த மூன்றையும் பாருங்கள். மாற்றிய பிறகு காற்றை வெளியேற்றும் வேலையில் அவசரம் கூடாது. வண்டியின் மூக்கைத் தூக்கி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, குமிழிகள் நிற்கும் வரை பொறுமையாக ஓட விடுங்கள். வெப்ப உணரி காற்றுக் குமிழிக்குள் மாட்டிக்கொண்டால், உண்மை நிலவரம் தெரியாமல் முள் சாந்தமாக நிற்கும்.

அந்த முள்ளையும் நம்ப வேண்டாம். பல தயாரிப்பாளர்கள் ஓட்டுநர் பதறக் கூடாது என்று 75 முதல் 105, 110 டிகிரி வரை முள்ளை நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள். முள் நகர ஆரம்பித்தபோது நிலைமை கைமீறும் தறுவாயில் இருக்கலாம். காரின் பழுது கண்டறியும் இணைப்பில் செருகும் சிறு கருவி ஒன்றை வாங்கி, கணினி படிக்கும் உண்மையான எண்ணைப் பாருங்கள். மாற்றம் எதைச் செய்தாலும் அதற்கு முன்னும் பின்னும் ஒரே பாதையில், ஒத்த வானிலையில் அந்த எண்ணைக் குறித்து வையுங்கள். இல்லாவிட்டால் எது பலன் தந்தது என்று ஒருபோதும் தெரியாது.

இப்போது புல்லி. உங்களுக்குக் காட்டப்பட்ட ஒரே பொருளுக்குள் மூன்று வெவ்வேறு மாற்றங்கள் ஒளிந்திருக்கின்றன: விட்டம் குறைகிறது, எடை குறைகிறது, அதிர்வைத் தணிக்கும் ரப்பர் காணாமல் போகிறது. விற்பவர்கள் மூன்றையும் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுவதால் பிரித்துப் பார்க்கத் தோன்றுவதில்லை.

விட்டம் 25% குறைந்தால் அந்த பெல்ட்டில் சுற்றும் எல்லாமே 25% மெதுவாகும்: கூலன்ட் பம்ப், மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர், பவர் ஸ்டீயரிங், ஏசி கம்ப்ரஸர். மையவிலக்குப் பம்ப் விழுங்கும் திறன் அதன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். வேகம் முக்கால் ஆனால் திறன் 42 சதவீதமாகச் சுருங்கும். கேட்கப் பிரமாதமாக இருக்கிறது. எதில் 42 சதவீதம்? நிமிடத்துக்கு 7000 சுற்றில் உங்கள் பம்ப் ஒன்றரைக் கிலோவாட் தின்கிறது என்று வைத்துக்கொண்டால், மிச்சம் 0.9 கிலோவாட், ஏறத்தாழ 1.2 குதிரைத்திறன். அதே பம்ப் 3000 சுற்றில் தின்பது 120 வாட்தான். அங்கே மிச்சமாவது 70 வாட். சாலையில் ஓடும் கார் தன் வாழ்நாளின் பெரும்பகுதியை 3000-க்குக் கீழேதான் கழிக்கிறது. ஆல்டர்னேட்டரில் மிச்சம் பிடிக்கலாம் என்றால், விளக்கும் விசிறியும் பெட்ரோல் பம்ப்பும் கேட்கும் மின்சாரம் குறையவில்லையே. கொடுக்க வேண்டியதை அது கொடுத்தாக வேண்டும். ஏசி அணைந்திருக்கும்போது கம்ப்ரஸரின் கிளட்ச் விலகிச் சும்மா சுற்றுகிறது. ஆக, உச்சச் சுற்றில் இரண்டு மூன்று குதிரைத்திறன், கீழே ஒன்றுமில்லை.

ஐடிலில் நடப்பதைப் பாருங்கள். இங்கே நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். பம்ப் 25% மெதுவாவதால் மட்டும் உங்கள் கார் கொதித்துவிடாது. ஐடிலில் உள்ள 4 கிலோவாட்டுக்கு, கூலன்ட் ஓட்டம் கால்வாசி குறைந்தால் நுழைவுக்கும் வெளிவரவுக்கும் உள்ள வித்தியாசம் ஒன்றரை டிகிரி கூடும், பெரிய விஷயமில்லை. ஆபத்து ஆல்டர்னேட்டரில் இருக்கிறது. கிராங்கின் 800 சுற்றுக்கு, 2.7 மடங்கு விகிதத்தில், ஆல்டர்னேட்டர் 2160 சுற்று சுற்றும். சிறிய புல்லியோடு 1620. பெரும்பாலான ஆல்டர்னேட்டர்கள் ஆயிரத்துச் சொச்சம் சுற்றில்தான் மின்சாரம் தரவே ஆரம்பிக்கும். அந்தத் தொடக்கப் பகுதியில் அதன் வரைகோடு செங்குத்தாக ஏறுகிறது. ஆகவே வேகத்தில் கால்வாசி இழந்தால் வெளியீட்டில் பாதியைக்கூட இழக்க நேரும்.

நெரிசலில், இரவில், ஏசியோடு நிற்கும்போது தேவை எவ்வளவு? ரேடியேட்டர் விசிறிக்கு 20 ஆம்பியர், ஏசி ஊதுவிசிறிக்கு 10 முதல் 15, முகப்பு விளக்குக்கு 10, பெட்ரோல் பம்ப்புக்கு 5 அல்லது 6, தீப்பொறிக்கும் கணினிக்கும் 8. ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஆல்டர்னேட்டர் கொடுக்க முடியாததைப் பேட்டரி கொடுக்கும், மின்னழுத்தம் 13.8-இலிருந்து 12 வோல்ட்டுக்கு இறங்கும், விசிறியின் வேகம் ஏறத்தாழ அதே விகிதத்தில், அதாவது 13% குறையும். முள் இன்னும் ஏறும். ஏறுகிறதே என்று இன்னும் பெரிய விசிறி போட்டால், அது இன்னும் கூடுதலான ஆம்பியர் கேட்கும். இந்தச் சுழலில் மாட்டிக்கொண்டு பெரிய ஆல்டர்னேட்டர், பெரிய பேட்டரி என்று செலவழித்துக்கொண்டே போவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். விசிறியே பம்ப்பின் தண்டில் பூட்டியிருக்கும் கார்களில் நிலைமை இன்னும் நேரடியானது. அங்கே விசிறியும் பம்ப்பும் ஒன்றாகவே 25% சோர்ந்துபோகும்.

எடைக்கு வருவோம். அசல் புல்லியைவிட 1.7 கிலோ குறைவு என்று விளம்பரம் செய்திருப்பார்கள். சுழலும் பொருளின் எடை குறைந்தால் முடுக்கம் கூடும் என்பது உண்மை, ஆனால் எவ்வளவு? புல்லி சிறியது, எடை மையத்துக்கு அருகில் இருக்கிறது. சுழல் நிலைமத்தில் 0.005 கிலோகிராம் சதுர மீட்டர் குறைகிறது என்று தாராளமாகவே எடுத்துக்கொள்வோம். முதல் கியரில் மொத்த விகிதம் 14.8, சக்கர ஆரம் 0.31 மீட்டர் என்றால், காரிலிருந்து 11 கிலோ இறக்கியதற்குச் சமம். மூன்றாவது கியரில் 1.7 கிலோ. மேல்கியரில் அரைக் கிலோ. பெட்ரோல் டேங்கைப் பாதி அளவு மட்டும் நிரப்பினால் இதைவிட அதிகம் மிச்சம், அதுவும் எல்லாக் கியரிலும். ஆக்சிலரேட்டரை ஐடிலில் தட்டினால் என்ஜின் துள்ளுவது கூடியதாகத் தோன்றும், அது பொய்யில்லை. ஆனால் அந்தத் துள்ளல் வேண்டுமென்றால் கிளட்ச் மாற்றும் நாளில் எடை குறைந்த ஃபிளைவீல் போடுவது பல மடங்கு பலன் தரும்.

"டைனோவில் 8 குதிரைத்திறன் ஏறியது" என்று வரைபடம் காட்டுவார்கள். பல டைனோக்கள் கனமான உருளையை எவ்வளவு சீக்கிரம் முடுக்குகிறது என்று அளந்து திறனைக் கணக்கிடுபவை. சுழலும் எடை குறைந்தால் அந்த அளவீட்டில் எண் ஏறும். சுற்றை நிலையாக வைத்து அளந்தால் அந்தப் பங்கு மறைந்துவிடும். பானெட் திறந்து, பெரிய விசிறியை எதிரே வைத்து, என்ஜின் வெப்பம் சற்றே மாறியிருந்தாலும் இரண்டு மூன்று குதிரைத்திறன் முன்னே பின்னே போகும். எனக்கு அந்த வரைபடங்களில் நம்பிக்கை குறைவு.

மூன்றாவதுதான் என்னை உண்மையிலேயே தயங்க வைப்பது. உங்கள் அசல் புல்லியைப் பக்கவாட்டில் பாருங்கள். நடுக்குமிழுக்கும் வெளி வளையத்துக்கும் இடையே கறுப்பு ரப்பர் வளையம் ஒன்று தெரிந்தால், அது வெறும் புல்லி இல்லை, டேம்பர். ஒவ்வொரு சிலிண்டரும் வெடிக்கும்போது கிராங்க் தண்டு ஒரு நூலளவு முறுக்கிக்கொண்டு திரும்புகிறது. நான்கு சிலிண்டர் என்ஜினில் சுற்றுக்கு இரண்டு வெடிப்பு. 6000 சுற்றில் நொடிக்கு 200 அடி. ஆறு சிலிண்டரில் 300. இந்த அடிகளோ இவற்றின் மடங்குகளோ கிராங்கின் இயல்பான அதிர்வெண்ணோடு ஒத்துப்போகும் சுற்று எண்களில் முறுக்கதிர்வு பெருகும். அதை உறிஞ்சுவதற்காக அளந்து பொருத்தப்பட்டதே அந்த ரப்பரும் வளையமும். கட்டியான அலுமினியத் துண்டு அந்த வேலையைச் செய்யாது. அதிர்வு கையில் தெரியாது, காதில் விழாது. எண்ணெய் பம்ப்பின் கியர், டைமிங் செயின், பேரிங், கடைசியில் கிராங்க் என்று மெதுவாகத் தின்னும். நிசான் ஆர்பி26 என்ஜினைப் பந்தயத்துக்குத் தயாரிப்பவர்கள் எண்ணெய் பம்ப்பின் கியருக்கும் டேம்பருக்கும் ஏன் அவ்வளவு கவனம் கொடுக்கிறார்கள் என்றால், நீண்ட ஆறு சிலிண்டர் கிராங்கின் அதிர்வு நேராக அந்த மெல்லிய கியரில்தான் இறங்குகிறது. நான்கு சிலிண்டர் கிராங்க் குட்டை, விறைப்பானது, ஆகவே ஆபத்து குறைவு. பல ஆண்டுகள் கட்டிப் புல்லியோடு ஓட்டியவர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் நீங்கள் 7000 சுற்று வரை இழுக்கும் ஆள். உங்கள் பழைய டேம்பரின் ரப்பர் வெடித்திருந்தாலோ வெளி வளையம் நழுவியிருந்தாலோ, அந்தப் பணத்தில் புதிய அசல் டேம்பர் வாங்குங்கள். இன்னும் மேலே போக ஆசை என்றால் ஃபுளூயிடாம்பர், ஏடிஐ போன்றோர் செய்யும் பந்தய டேம்பர்கள் உண்டு.

அப்படியானால் சிறிய புல்லிக்கு எங்கேயும் வேலை இல்லையா? இருக்கிறது. மணிக்கணக்கில் 7000, 8000 சுற்றிலேயே வாழும் பந்தய என்ஜின்களில் சாலைக்காக வடிவமைத்த பம்ப் அளவுக்கு மீறி வேகமாகச் சுற்றி, இறக்கைகளின் பின்னால் ஆவிக் குமிழிகளை உண்டாக்கி, தண்ணீரைத் தள்ளுவதற்குப் பதிலாகக் கலக்கிக்கொண்டிருக்கும். பிஸ்டனுக்குப் பதில் சுழலி கொண்ட வாங்கல் என்ஜின் பந்தயக் கார்களில் பம்ப்பை மெதுவாக்குவது அதனால்தான். அங்கே ஐடில் என்பதே கிடையாது. சாலைக் காரில் சில சமயம் நேர் எதிரான மாற்றம்தான் உதவுகிறது: பழைய அமெரிக்க வி8 கார்களில் ஏசி வைத்த வகைகளுக்கு, நெரிசலுக்காகவே பம்ப்பை வேகமாகச் சுற்றும் புல்லியைத் தொழிற்சாலையிலேயே பொருத்தியிருப்பதைக் காணலாம்.

சூப்பர்சார்ஜர் (காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும், பெல்ட்டால் ஓடும் கருவி) வைத்த கார்களின் கதை முற்றிலும் வேறு, அங்கே புல்லியே நாயகன். 2002 முதல் 2006 வரை வந்த மினி கூப்பர் எஸ்-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். சூப்பர்சார்ஜர் புல்லியை 15% சிறிதாக்குவது அதில் மிகப் பரவலான மாற்றம். 15% சிறிதானால் வேகம் கூடுவது 15 இல்லை, 17.6%. காற்றழுத்தம் கூடும், திறன் நிஜமாகவே கூடும். கூடவே வெப்பமும்: அழுத்த விகிதம் 1.5-இலிருந்து 1.8-க்குப் போனால் சூப்பர்சார்ஜரிலிருந்து வெளிவரும் காற்று 30, 40 டிகிரி கூடுதலாகச் சுடும். இந்தக் காரில் வேடிக்கை என்னவென்றால் வாட்டர் பம்ப் ஓடுவதே சூப்பர்சார்ஜரின் கியரால்தான். ஆகவே புல்லியைச் சிறிதாக்கினால் பம்ப்பும் வேகமாகச் சுற்றுகிறது. புல்லிக்கும் குளிர்ச்சிக்கும் உள்ள உறவை ஒரு பொதுவிதியாகப் பிடித்துக்கொள்ள முடியாது. எந்தப் பெல்ட் எதைச் சுற்றுகிறது என்று அந்தந்த என்ஜினைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

மின்சார வாட்டர் பம்ப் போடலாமா என்றும் ஒரு வரியில் கேட்டிருந்தீர்கள். கொள்கையளவில் அழகான தீர்வு. ஐடிலிலும் முழு ஓட்டம், அணைத்த பிறகும் ஓட்டம். பிஎம்டபிள்யூ தன் என்52 என்ஜினில் 200 வாட் பம்ப்பை வைத்துத் தொழிற்சாலையிலேயே இதைச் செய்தது. டேவிஸ் கிரெய்க் போன்றவர்கள் தனியாகவும் விற்கிறார்கள். ஆனால் பெல்ட்டால் ஓடும் பம்ப் சாகும்போது முனகும், கசியும், எச்சரிக்கும். மின்சாரப் பம்ப் பெரும்பாலும் சொல்லாமல் நின்றுவிடும். அதற்கென்று எச்சரிக்கை விளக்கும் கட்டுப்பாட்டுக் கருவியும் சேர்த்துப் போடாமல் இதில் இறங்க வேண்டாம். நெரிசலில் ஏசி போட்டால் மட்டும் சூடேறும் காருக்கு இது தேவையும் இல்லை.

எல்லாம் கேட்டும் புல்லி மாற்றத்தான் போகிறீர்கள் என்றால், கிராங்க் புல்லியைத் தொடாமல், டேம்பரை விட்டுவைத்து, பம்ப்பிலோ ஸ்டீயரிங்கிலோ மட்டும் சற்றே பெரிய புல்லி போடும் வழியைத் தேடுங்கள். மாற்றம் 10 சதவீதத்துக்குள் இருக்கட்டும். ஆல்டர்னேட்டரைத் தொட வேண்டாம். பெல்ட்டின் நீளம் மாறும். பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் தன் வீச்சின் நடுப்பகுதியில் நிற்கிறதா என்று பாருங்கள். சிலவற்றில் கிராங்க் நிலை உணரிக்கான பல்சக்கரம் புல்லியோடு சேர்ந்தே இருக்கும், மாற்றுப் புல்லியில் அது இல்லாவிட்டால் என்ஜின் தொடங்கவே தொடங்காது. ஷெவ்ரோலே எல்எஸ்1 போன்ற என்ஜின்களில் கிராங்க் புல்லி தண்டில் வழுக்காமல் பூட்டும் சாவித் துண்டே கிடையாது. தண்டில் இறுகப் பொருந்துவதும் போல்ட்டின் இறுக்கமும்தான் பிடிமானம், அந்தப் போல்ட்டை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போட வேண்டும்.

டிராக் நாளுக்கு நீங்கள் சேர்க்க வேண்டியது எண்ணெய் வெப்பமானி. தொடர்ந்து முழு ஆக்சிலரேட்டரில் போகும்போது கூலன்டுக்குப் போகும் வெப்பம் 80 கிலோவாட் அளவுக்கு ஏறும், அப்போதுதான் பெரிய ரேடியேட்டர் தன் விலையை நியாயப்படுத்தும். ஆனால் கூலன்ட் சமாளித்துக்கொண்டிருக்கும்போதே எண்ணெய் 130 டிகிரியைத் தாண்டிவிடும். அடிக்கடி அப்படி ஆனால் தெர்மோஸ்டாட் வைத்த எண்ணெய்க் குளிர்விப்பான் போடுங்கள். தெர்மோஸ்டாட் இல்லாததைப் போட்டால் வார நாட்களில் எண்ணெய் 80-ஐக்கூட எட்டாமல் ஓடும். அதை ரேடியேட்டருக்கு நேர் முன்னால் வைக்காமல் பக்கவாட்டில் தனிக் காற்றுவழியோடு வைக்க இடம் தேடுங்கள். கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டி முடித்து, நிறுத்திய பின்னும் ஓரிரு நிமிடம் என்ஜினை ஓட விட்டு அணையுங்கள். சூடு தணியும் வரை மூடியில் கை வைக்காதீர்கள்.